செஸ்ட் சிடி எடுக்கச் சொல்லிட்டாங்களா? போறதுக்கு முன்னாடியும் எடுத்த பிறகும் செய்ய வேண்டியது

டாக்டர் சீட்டுல சிடி செஸ்ட்னு, அதாவது நெஞ்சுக்கு சிடி ஸ்கேன்னு, எழுதிக் குடுத்ததும் கவுன்ட்டருக்கு வர்றவங்க கேக்குறது ரெண்டே கேள்வி தான், எவ்ளோ ஆகும், ரிப்போர்ட் எப்ப கெடைக்கும். கேக்க வேண்டியது தான். ஆனா ஸ்கேன் ரூம்ல வேலை பாக்குற ஆளா நான் சொல்றேன், மெஷின் உங்கள படம் புடிக்கிறது சில செகண்டு, டேபிள்ல ஏறி எறங்குறதோட சேத்தா பத்து நிமிஷம், ஊசி மருந்து போட்டு எடுத்தா முன்ன பின்ன ஒரு மணி நேரம் ஆகும் அவ்ளோ தான். அந்த ரிப்போர்ட் உங்களுக்கு எந்தளவு உதவப் போகுதுங்கறது நீங்க ரூமுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி என்ன சொன்னீங்க, கையில என்ன கொண்டு வந்தீங்க, போகும்போது என்ன வாங்கிட்டுப் போனீங்க, இதுல தான் பாதி இருக்கு. அத யாரும் உக்காந்து சொல்றதில்ல, கூட்டத்துல எங்களுக்கும் நேரம் இருக்கறதில்ல. அதான் இங்க எழுதுறேன்.

முதல்ல சீட்ட நல்லா பாருங்க

செஸ்ட் சிடின்னா ஒண்ணு இல்ல, பல வகை இருக்கு. பிளெயின்னா ஊசி மருந்து கெடையாது. ஹெச்ஆர்சிடின்னு எழுதியிருந்தா நுரையீரலோட சதைய நுணுக்கமா பாக்கணும்னு அர்த்தம், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவு மெல்லிசா வெட்டி வெட்டி படம் வரும், நுரையீரல் சுருக்கம், மூச்சுக்குழாய் விரிஞ்சு போறது இந்த மாதிரி பிரச்சனைக்கு கேப்பாங்க, இதுக்கும் பொதுவா ஊசி கெடையாது, ஆனா சில பேர குப்புற படுக்க வச்சு இன்னொரு தடவ எடுப்பாங்க, மூச்ச முழுசா விட்டுட்டு எடுப்பாங்க, பயப்படாதீங்க அது வழக்கம் தான். சிஈசிடி, இல்லன்னா வித் கான்ட்ராஸ்ட்னு இருந்தா கை நரம்புல அயோடின் கலந்த மருந்து போட்டு எடுப்பாங்க, கட்டி, நெறிக்கட்டி, ரத்தக்குழாய் இதெல்லாம் அப்ப தான் தெளிவா தெரியும். சிடி பல்மனரி ஆஞ்சியோன்னு இருந்தா நுரையீரல் ரத்தக்குழாய்ல ரத்தக்கட்டி அடைச்சிருக்கான்னு பாக்குறதுக்கு, அத நாளைக்கு பாத்துக்கலாம்னு தள்ளிப்போடவே கூடாது, சில சமயம் உயிர் பிரச்சனை.

இதுல ஒண்ணு மட்டும் கண்டிப்பா கேட்டுக்கோங்க. கான்ட்ராஸ்ட் எழுதியிருக்கற சீட்ட வச்சுக்கிட்டு "பிளெயின் எடுத்தா ரேட் கம்மி தானே, அதே எடுத்துடுங்க"ன்னு கேக்கறவங்க தினமும் வர்றாங்க. காசு கஷ்டம் புரியுது. ஆனா நெஞ்சுக்கு நடுவுல இருக்குற நெறிக்கட்டி பக்கத்துல இருக்குற ரத்தக்குழாயோட ஒட்டி ஒரே சாம்பல் நெறமா தெரியும், மருந்து போட்டா தான் எது எதுன்னு பிரியும், அதனால டாக்டர் திரும்ப கான்ட்ராஸ்ட் எடுத்துட்டு வாங்கன்னு அனுப்புவாரு, ரெண்டு தடவ காசு, ரெண்டு தடவ கதிர்வீச்சு. காசு தான் பிரச்சனைன்னா டாக்டர்கிட்டயே சொல்லுங்க, பிளெயின் போதுமான்னு அவர் தான் சொல்லணும். தமிழ்நாட்டுல அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, மாவட்ட தலைமை ஆஸ்பத்திரி இங்கெல்லாம் மருத்துவப் பணிகள் கழகம் நடத்துற சிடி சென்டர் இருக்கு, வெளியில ஆகுறதுல ஒரு சின்ன பங்கு தான் கட்டணம். தனியார்ல எடுக்குறீங்கன்னா போன்லயே கேட்டுடுங்க, சொல்ற ரேட்டுல ஊசி மருந்து சேந்திருக்கா, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு பாக்குற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட்டுக்கு தனியா காசா, படம் பதிஞ்ச டிஸ்க் தருவீங்களான்னு.

ரிப்போர்ட் எழுதுற டாக்டர் உங்கள பாக்க மாட்டாரு

இது நிறைய பேருக்கு தெரியாது. படம் பாத்து ரிப்போர்ட் எழுதுறது ரேடியாலஜிஸ்ட், அவர் வேற ரூம்ல இருப்பாரு, சில சின்ன ஊர் சென்டர்ல வேற ஊர்லயே உக்காந்து கம்ப்யூட்டர்ல பாப்பாரு. உங்க இருமல் அவருக்கு கேக்காது, நீங்க எளைச்சு போனது அவருக்கு தெரியாது, சீட்டுல இருக்குறதும் நாங்க ஃபார்ம்ல எழுதி அனுப்புறதும் தான் அவருக்கு தெரியும். ஒரே நிழல் காய்ச்சல்காரருக்கு நிமோனியாவா இருக்கலாம், எளைச்சுக்கிட்டே போறவருக்கு வேறயா இருக்கலாம். அதனால ஃபார்ம் எழுதும்போது "என்ன பிரச்சனை"ன்னு கேட்டா சும்மா இருமல்னு ஒரு வார்த்தையில முடிக்காதீங்க. எத்தன வாரமா, சளியில ரத்தம் வந்துச்சா, சாயங்காலம் காய்ச்சல் வருதா, வெயிட் குறைஞ்சுதா, பீடி சிகரெட் எத்தன வருஷம், முன்னாடி கேன்சர், ஆபரேஷன், கரண்ட் வச்சது (கதிர்வீச்சு சிகிச்சை) ஏதாவது உண்டா, எல்லாம் சொல்லுங்க.

என்ன வேலை பாத்தீங்கன்னு சொல்றதும் முக்கியம். கல்குவாரி, கல் உடைக்கிற வேலை, மணல் வச்சு பாலிஷ் போடுற வேலை, இதுல பறக்குற தூசி வருஷக்கணக்கா நுரையீரல்ல படிஞ்சு சிலிக்கோசிஸ் வரும், படத்துல அது டிபி மாதிரியே தெரியும். கோயமுத்தூர் பக்கம் ஸ்பின்னிங் மில்லுல பஞ்சு தூசில வேலை பாத்தவங்க, வீட்டுல புறா வளக்கறவங்க, வருஷக்கணக்கா விறகடுப்புல சமைச்ச அம்மாக்கள், இவங்க எல்லாரும் "அது பழைய கதை"ன்னு விட்டுடறாங்க. அந்த பழைய கதை தான் ரேடியாலஜிஸ்டுக்கு வேணும்.

டிபி பத்தி தனியா சொல்லணும். முன்னாடி டிபி வந்து மாத்திர சாப்ட்டு சரியானவங்க நம்ம ஊர்ல எக்கச்சக்கம், ஆனா கூட வந்த மருமக முன்னாடி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி சொல்ல வெக்கப்பட்டு இல்லன்னு சொல்லிடறாங்க. சரியான டிபி நுரையீரலோட மேல் பகுதியில தழும்பு விட்டுட்டு போகும், சுண்ணாம்பு மாதிரி கட்டிப்போன புள்ளிங்க இருக்கும். சொல்லாம விட்டீங்கன்னா அது பழசா புதுசான்னு சந்தேகம் வந்து சளி டெஸ்ட், இன்னொரு ஸ்கேன்னு அலைய வேண்டியது வரும். எல்லார் முன்னாடியும் சொல்ல முடியலன்னா டெக்னீஷியன தனியா கூப்ட்டு சொல்லுங்க, ரூமுக்குள்ள வந்த பிறகு சொன்னாலும் போதும், நாங்க எழுதிடுவோம், யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்.

இத விட பெருசு பழைய படம். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த எக்ஸ்ரேவோ சிடியோ பீரோவுல கெடந்தா தேடி எடுத்துட்டு வாங்க, ரிப்போர்ட் பேப்பர் மட்டும் இல்ல, ஃபிலிம், டிஸ்க் எல்லாம். இன்னைக்கு ஒரு சின்ன புள்ளி தெரியுது, அஞ்சு வருஷம் முன்னாடி எடுத்ததுலயும் அதே எடத்துல அதே அளவுல இருக்குன்னா பெரும்பாலும் கவலையே அங்க முடிஞ்சுது. பழைய படம் இல்லன்னா அதே புள்ளிக்கு, அதோட அளவப் பொறுத்து, மூணு மாசம் ஆறு மாசம் கழிச்சு திரும்ப ஸ்கேன் எடுக்க சொல்லலாம்.

ஊசி மருந்து போடுறாங்கன்னா

பிளெயின், ஹெச்ஆர்சிடிக்கு பட்டினி கெடக்க வேண்டியதே இல்ல, ராத்திரியில இருந்து சாப்பிடாம வந்து வரிசையில மயங்கி விழறவங்கள பாத்தா கஷ்டமா இருக்கும். கான்ட்ராஸ்டுக்கு பொதுவா ஒரு நாலு மணி நேரம் சாப்பிடாம வரச் சொல்வாங்க, உங்க சென்டர்ல எவ்ளோ சொல்றாங்களோ அத கேளுங்க, தண்ணி குடிக்கலாமான்னும் கேட்டுக்கோங்க, பெரும்பாலும் குடிக்கலாம். பிபி மாத்திர, இதய மாத்திர இதெல்லாம் நிறுத்தாதீங்க, ஒரு மடக்கு தண்ணியோட போட்டுக்கலாம். சுகர்காரங்க காலைல முதல் அப்பாயின்ட்மென்ட் கேட்டு வாங்குங்க, சாப்பிடாம இன்சுலின் மட்டும் போட்டுட்டு வந்துடாதீங்க, சுகர் எறங்கிடும், டோஸ் எப்படின்னு உங்க டாக்டர்கிட்ட முந்தின நாளே கேட்டுடுங்க.

கிட்னி ரொம்ப முக்கியம். இந்த மருந்து கிட்னி வழியா தான் வெளிய போகும், அதனால கிரியாட்டினின் ரிப்போர்ட் கேப்போம், சமீபத்துல எடுத்தது இருந்தா கொண்டு வாங்க. மெட்ஃபார்மின் கலந்த சுகர் மாத்திர சாப்பிடறவங்களுக்கு ஒரு குழப்பம் இருக்கு. கிட்னி நல்லா இருந்தா நிறுத்த வேண்டாம்னு தான் இப்ப வெளிநாட்டு வழிகாட்டுதல் எல்லாம் சொல்லுது, கிட்னி வேலை ரொம்ப குறைஞ்சவங்களுக்கு தான் நிறுத்தி 48 மணி நேரம் கழிச்சு கிரியாட்டினின் பாத்துட்டு திரும்ப ஆரம்பிக்கணும். ஆனா நம்ம ஊர்ல நிறைய சென்டர்ல எல்லாருக்குமே 48 மணி நேரம் நிறுத்த சொல்லுவாங்க, உங்க டாக்டர் சொல்றத கேளுங்க. மாத்திர பேர் தெரியலன்னா அட்டைய அப்படியே எடுத்துட்டு வாங்க, நிறைய மாத்திரைல மெட்ஃபார்மின் வேற மருந்தோட கலந்திருக்கும், பேர வச்சு கண்டுபுடிக்க முடியாது.

அலர்ஜி பத்தி கேக்கும்போது "எறா சாப்ட்டா அரிக்கும், அதனால அயோடின் ஆகாது"ன்னு நிறைய பேர் சொல்றாங்க, அதுக்கும் இந்த மருந்துக்கும் தனிப்பட்ட சம்பந்தம் இல்ல. நாங்க முக்கியமா தெரிஞ்சுக்க வேண்டியது முன்னாடி எப்பவாவது ஸ்கேன் ஊசியோ ஆஞ்சியோகிராமோ எடுக்கும்போது உடம்பு தடிச்சு போச்சா, மூச்சு திணறுச்சாங்கறது தான். அப்படி இருந்தா முந்தின நாள்ல இருந்தே ஸ்டீராய்டு மாத்திர குடுத்து தயார் பண்ண வேண்டியிருக்கும், அன்னைக்கு காலைல வந்து சொன்னா நேரம் பத்தாது. ஆஸ்துமா, தைராய்டு அதிகமா சுரக்குறது இதெல்லாம் கூட சொல்லிடுங்க. பால் குடுக்குற அம்மாக்களுக்கு, மருந்து தாய்ப்பால்ல போறது ஒரு சதவீதத்துக்கும் கம்மி, பால் நிறுத்த வேண்டியதில்லன்னு தான் இப்ப உள்ள வழிகாட்டுதல், மனசு கேக்கலன்னா முன்னாடியே பால எடுத்து வச்சுக்கலாம்.

கர்ப்பமா இருந்தாலும், நாள் தள்ளிப் போயிருந்தாலும், எந்த சிடியா இருந்தாலும் சரி, டேபிள்ல ஏறுறதுக்கு முன்னாடி சொல்லுங்க. மாமியார் முன்னாடி கூச்சமா இருந்தா அங்க இருக்குற லேடி ஸ்டாஃப்கிட்ட காதுல சொல்லுங்க.

டிரஸ், தாலி, அப்பறம் அந்த மெஷின்

நெஞ்சுப் பகுதியில உலோகம் இருந்தா படத்துல அங்கருந்து கோடு கோடா வெளிச்சம் கெளம்பி பக்கத்துல இருக்குறத மறைச்சிடும், அதுக்கு தான் கழட்ட சொல்றோம். செயின், தாயத்து, துணியில குத்துன ஊக்கு, ஹூக் வச்ச உள்ளாடை, ஜரிகை கல் வேலை செஞ்ச ஜாக்கெட் இதெல்லாம் வேணாம், சாதா காட்டன் நைட்டியோ டீஷர்ட்டோ போட்டுட்டு வந்தா கவுன் மாத்துற வேலையும் மிச்சம். தோடு மூக்குத்தி பெரும்பாலும் இருக்கலாம், அந்த எடம் படத்துக்குள்ள வராது. தாலிய கழட்ட மாட்டேன்னு அழுவுற அம்மாக்கள் உண்டு. இது எம்ஆர்ஐ இல்ல, காந்தம் கெடையாது, ஆபத்து எதுவும் இல்ல, அதனால கழட்ட மனசில்லன்னா சொல்லுங்க, கயிறு நீளமா இருந்தா தாடைக்கு மேல தூக்கி வச்சு எடுத்துடலாம், வெறும் மஞ்ச கயிறுன்னா பிரச்சனையே இல்ல, அதுல கோத்திருக்கற தங்கம் தான் நெஞ்சுக்கு நடுவுல வந்து நிக்கும். பேஸ்மேக்கர், ஸ்டென்ட், கால்ல பிளேட் இருக்குறவங்களும் சிடி எடுக்கலாம், ஆனா இருக்குன்னு சொல்லிடுங்க.

மெஷின் மெதுவடை மாதிரி, நடுவுல பெரிய ஓட்டை, முன்னாலயும் பின்னாலயும் தெறந்தே இருக்கும். எம்ஆர்ஐ குழாய்க்குள்ள போயி பயந்தவங்க இதுக்கு பயப்பட வேணாம். மல்லாக்க படுத்து ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி வைக்கணும், தோள்பட்ட வலி இருந்தா முன்னாடியே சொன்னீங்கன்னா தலகாணி வச்சு குடுப்போம். உள்ள தனியா இருந்தாலும் கண்ணாடி வழியா உங்கள பாத்துக்கிட்டே தான் இருப்போம், மைக் இருக்கு, பேசினா கேக்கும்.

இப்ப மூச்சு. படத்தோட தரத்துல நோயாளி கையில பெருசா இருக்குறது இது தான், அதனால கொஞ்சம் நிதானமா படிங்க. மூச்ச நல்லா இழுத்து புடிங்கன்னு சொல்லும்போது வாய மட்டும் தெறந்துட்டு மூச்சு இழுக்காதவங்க நிறைய பேர். அரைகுறையா இழுத்தா நுரையீரல் முழுசா விரியாது, முதுகு பக்கம் அடியில சாம்பல் நெறமா ஒரு நிழல் வரும், அது நோயா இல்ல விரியாததுனால வந்ததான்னு சந்தேகம் ஆகிடும். நடுவுல மூச்ச விட்டுட்டா படம் அசைஞ்சு மூச்சுக்குழாய் ரெட்டையா தெரியும், விரிஞ்சு போன குழாய் மாதிரியே இருக்கும். இல்லாத நோய் ரிப்போர்ட்ல வர்றதுக்கும் இருக்குற நோய் மறையறதுக்கும் இது ஒரு காரணம். அதனால வீட்டுலயே மல்லாக்க படுத்து ஆழமா இழுத்து பத்து வரைக்கும் எண்ணி புடிச்சு பழகிட்டு வாங்க. பத்து புடிக்க முடியலன்னா வெக்கப்படாம சொல்லுங்க, மெஷின்ல வேகத்த மாத்தி சீக்கிரம் முடிக்கலாம். இருமல் அடக்க முடியலன்னா ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு மடக்கு தண்ணி குடிச்சு நல்லா இருமி முடிச்சிடுங்க. சில மெஷின்ல பதிவு பண்ண குரல் இங்கிலீஷ்லயோ ஹிந்தியிலயோ வரும், புரியலன்னா தமிழ்ல சொல்லுங்கன்னு கேளுங்க, அது உங்க உரிமை.

ஊசி மருந்து உள்ள போகும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில இரும்பு ருசி வரும், யூரின் போயிட்ட மாதிரி இருக்கும், உண்மையில போயிருக்காது, ஒரு நிமிஷத்துல அடங்கிடும். இது எல்லாருக்கும் வர்றது. ஆனா ஊசி போட்ட எடம் வலிச்சு வீங்குனா, அரிப்பு, தடிப்பு, தொண்ட அடைக்கிற மாதிரி, மூச்சு முட்டுற மாதிரி இருந்தா பொறுத்துக்கிட்டு கெடக்காதீங்க, கத்துங்க, உடனே வந்துடுவோம், அதுக்கான மருந்து கையிலயே இருக்கும். முடிஞ்ச உடனே ஊசிய உருவுங்க பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவசரப்படாதீங்க, குறஞ்சது 15 நிமிஷம், முடிஞ்சா அரை மணி நேரம் கையில ஊசியோட அங்கயே உக்காருங்க, தீவிரமா அலர்ஜி வந்தா பெரும்பாலும் இந்த நேரத்துக்குள்ள தான் வரும். தண்ணி அளவா தான் குடிக்கணும்னு டாக்டர் சொல்லாதவங்க வீட்டுக்கு போயி தண்ணி நல்லா குடிங்க.

கதிர்வீச்சு எவ்ளோ

2021 மே மாசம் கொரோனா ரெண்டாவது அலை உச்சத்துல டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி இயக்குநரா இருந்த டாக்டர் ரன்தீப் குலேரியா ஒரு சிடி 300-400 எக்ஸ்ரேக்கு சமம்னு சொன்னது எல்லா சேனல்லயும் ஓடுச்சு, ரேடியாலஜிஸ்ட் சங்கத்துக்காரங்க அது பழைய கணக்குன்னு மறுத்தாங்க. மருத்துவ புத்தகங்கள்ல சொல்ற சராசரி அளவு ஒரு செஸ்ட் எக்ஸ்ரேக்கு சுமார் 0.1 மில்லிசீவர்ட்டுக்குள்ள (கதிர்வீச்ச அளக்குற அலகு அது), சாதாரண செஸ்ட் சிடிக்கு சுமார் 6, கதிர்வீச்ச குறைச்சு வச்சு எடுக்குற லோ டோஸ் சிடிக்கு 1.5. மண்ணு, காத்து, வானம் இதுல இருந்து உலகத்துல ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு சராசரியா 2.4 வந்துக்கிட்டே இருக்கு, கன்னியாகுமரி மாவட்டத்துல மணவாளக்குறிச்சி கடற்கரை பக்கம் இயற்கையாவே கதிர்வீச்சு இருக்குற மோனசைட் மணல்ல இன்னும் அதிகம். அப்ப ஒரு சிடி ரெண்டு மூணு வருஷம் சும்மா வாழ்றதுல வர்ற அளவு. தேவைக்கு எடுக்கும்போது பயப்படுற அளவு இல்ல, தேவையில்லாம எடுக்குற அளவு சின்னதும் இல்ல. அன்னைக்கு அவர் சொல்ல வந்த விஷயம், லேசான காய்ச்சலுக்கெல்லாம் தானா போயி சிடி எடுக்காதீங்கன்னு, அது இன்னைக்கும் சரி தான். குழந்தைக்கு எடுக்குறீங்கன்னா குழந்தைக்கான டோஸ் செட்டிங்ல தான் எடுக்குறீங்களான்னு கேளுங்க.

எடுத்துட்டு வந்த பிறகு குழந்தைய தூக்கக்கூடாதுன்னு ஒதுங்கி இருக்கறவங்க இருக்காங்க. எக்ஸ்ரே கதிர் மெஷின் நின்னதும் நின்னுடும், உடம்புல தங்காது, வீட்டுக்கு போயி தாராளமா தூக்குங்க.

முழு உடம்பு செக்கப் பேக்கேஜ்ல சும்மா செஸ்ட் சிடிய சேத்து விக்கிறாங்க, அத எனக்கு ஏத்துக்க முடியல. கேன்சர சீக்கிரம் கண்டுபுடிக்க லோ டோஸ் சிடி உதவுதுன்னு 2011ல அமெரிக்காவுல வந்த பெரிய ஆய்வு காட்டுச்சு, நுரையீரல் கேன்சர் சாவு 20 சதவீதம் குறைஞ்சுது, ஆனா அது பல வருஷம் நிறைய சிகரெட் புடிச்ச நடு வயசு தாண்டினவங்களுக்கு. அங்க இப்ப சிபாரிசு பண்றதும் 50 வயசுல இருந்து 80 வயசுக்குள்ள, தினம் ஒரு பாக்கெட் 20 வருஷம் புடிச்ச கணக்கு இருக்குறவங்களுக்கு தான். டிபி தழும்பு இவ்ளோ இருக்குற நம்ம ஊர்ல புகையே புடிக்காத 30 வயசு ஆளுக்கு எடுத்தா ஏதாவது ஒரு புள்ளி தெரியும், அப்பறம் தூக்கம் போயிடும்.

முடிஞ்ச பிறகு

டிஸ்க் கேட்டு வாங்குங்க. ஃபிலிம்ல நூத்துக்கணக்கான படத்துல கொஞ்சம் தான் பிரிண்ட் ஆகும், டிஸ்க்லயோ லிங்க்லயோ தான் எல்லாமே இருக்கும், வேற டாக்டர பாக்கணும்னாலும் ஆபரேஷன்னாலும் அது தான் கேப்பாங்க. ஃபிலிம ஜன்னல்ல புடிச்சு போன்ல போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பி "பாத்து சொல்லுங்க டாக்டர்"னா அத வச்சு யாரும் ஒழுங்கா சொல்ல முடியாது. டிஸ்க வீட்டுக்கு வந்ததும் ஒரு கம்ப்யூட்டர்லயோ பென்டிரைவ்லயோ காப்பி பண்ணிடுங்க, கீறல் விழுந்தா போச்சு.

ரிப்போர்ட்ட படிக்காதீங்கன்னு சொன்னா யாரும் கேக்க போறதில்ல, படிங்க, ஆனா ஒவ்வொரு வார்த்தையா கூகுள் பண்ணாதீங்க. ஃபைப்ரோடிக்னு இருந்தா பெரும்பாலும் பழைய தழும்பு. கால்சிஃபைடு நாட்யூல், கிரானுலோமான்னா சுண்ணாம்பு கட்டின பழைய புள்ளி, பொதுவா கெட்டதில்ல. கிரவுண்ட் கிளாஸ்னா மங்கலான நிழல், கொரோனா மட்டும் இல்ல, எத்தனையோ காரணம் உண்டு. ட்ரீ இன் பட்னு இருந்தா சின்ன மூச்சுக்குழாய்ல கிருமி இருக்கலாம், டிபியா இருக்கவும் வாய்ப்பு உண்டு, அத வச்சுக்கிட்டு சும்மா இருக்காதீங்க, அன்னைக்கே டாக்டர பாருங்க.

நாட்யூல்னு, அதாவது சின்ன புள்ளின்னு, வந்தா முதல்ல அளவ பாருங்க. 35 வயசுக்கு மேல, கேன்சர் இல்லாத, எதிர்ப்பு சக்தி குறையாத ஆளுக்கு ஒரே ஒரு கெட்டியான புள்ளி 6 மில்லிமீட்டருக்கு கம்மியா இருந்து, புகைப்பழக்கம் மாதிரி ரிஸ்க்கும் இல்லன்னா திரும்ப ஸ்கேனே வேண்டாம்னு தான் உலகம் பூரா ரேடியாலஜிஸ்டுகள் பாக்குற 2017 ஃப்ளெய்ஷ்னர் வழிகாட்டுதல் சொல்லுது. 6ல இருந்து 8 வரைக்கும்னா ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள இன்னொரு ஸ்கேன். 8க்கு மேலன்னா மூணு மாசத்துல சிடி, இல்ல பெட் ஸ்கேன், ஊசி வச்சு சதை எடுத்து பாக்குறதுன்னு டாக்டர் முடிவு பண்ணுவாரு.

திரும்ப எடுக்க சொன்னா தேதிய காலண்டர்ல எழுதி வைங்க, உடம்பு நல்லா தான் இருக்குன்னு விட்டுடாதீங்க, வளருதா இல்லையாங்கறது உடம்புல தெரியாது, படத்துல தான் தெரியும். முடிஞ்சா அதே சென்டர்லயே எடுங்க, பழைய படம் அவங்க கம்ப்யூட்டர்லயே இருந்தா பக்கத்து பக்கத்துல வச்சு அளந்துடுவாங்க. வேற எடம்னா பழைய டிஸ்க கையில எடுத்துக்கிட்டு, கவுன்ட்டர்லயே குடுத்து, "இதோட கம்பேர் பண்ணி ரிப்போர்ட் வேணும்"னு ஃபார்ம்ல எழுதச் சொல்லுங்க.